காற்றுப் புகாத பெட்டி

மச்சான் ஜீப் சாவியை என் மேசை மேல் போட்டுவிட்டு, "மாப்ள, எனக்கு முதுகுல அடி விழுகணும்" என்றார். நான் ஒரு ரேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த ஒயர் எங்கே போகிறது என்று பிடிபடாத எரிச்சலில் இருந்தேன். "அக்காகிட்டக் கேளுங்க, தாராளமா விழும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. காதில் விழுந்திருந்தால்தானே சிரிப்பதற்கு.

அவர் என் அக்காவின் கணவர். போடியிலிருந்து மலைமேல் ஏலத் தோட்டங்களுக்குப் பழம் எடுக்க, அதாவது ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் மேலே, மாலையில் கீழே என்று இன்னொருவரின் ஜீப்பை ஓட்டினார். அந்த டீசல் எஞ்சின் வருஷக்கணக்காக அவர் முழங்காலுக்கு முன்னால் இருந்து கத்திக் கத்திக் காதைத் தின்றுவிட்டது. முதலில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் போயிற்று. பிறகு அக்கா அடுப்படியிலிருந்து கூப்பிடுவது. கடைசியில் எதிரில் உட்கார்ந்து பேசினாலே பாதிதான் என்று ஆனது. அதற்காக "என்ன? என்ன?" என்று கேட்கிற ஆள் இல்லை அவர். உதட்டைப் பார்த்து ஊகித்துக்கொண்டு தலையை ஆட்டிவிடுவார். எங்கள் வீட்டில் 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்ற பழமொழியே வழக்கொழிந்து போயிற்று. அக்காவுக்கு அது வாய்வரைக்கும் வரும், விழுங்கிக்கொள்வாள்.

வீட்டைத் தாண்டி யாருக்கும் இது தெரியாது என்று நம்பினோம். தெரிந்தால் ஜீப் முதலாளி அன்றைக்கே சாவியை வாங்கிக்கொள்வார். மச்சானுக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது ஒரு பக்கம். வேறு ஆளாக இருக்கவும் அவருக்குத் தெரியாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவர் வலது கால் பிரேக்கைத் தேடும்.

"பாட்டுல வார்த்தையெல்லாம் வேணாம் மாப்ள. உறுமி அடி மட்டும் வந்தாப் போதும். இங்கன" என்று நடு முதுகைத் தொட்டுக் காட்டினார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "பழம் எடுக்குற பொம்பளைக ஆசப்படுதுக, அதான்" என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பேச்சைக் காதால் வாங்க முடியாமல் போனவருக்கும், உறுமி மாதிரிக் கனத்த சத்தம் எலும்பு வழியாகப் போகும். அவர் கேட்டது அதைத்தான்.

அப்போது கார் டேப்ரெக்கார்டர் எங்கள் பக்கம் வந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. தேனியில் என் கடை ரேடியோ ரிப்பேர் கடைதான். ஆனால் டாக்சிக்காரர்களும் வேன்காரர்களும் வந்து நிற்பது ஸ்பீக்கர் பெட்டிக்கு. டீக்கடைகளில் ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்துக் கட்டுவார்கள், பானைக்குள் போன சத்தம் கனத்துத் திரும்பும். பானையை வண்டியில் வைத்தால் முதல் பள்ளத்திலேயே சில்லாகிவிடும். அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். கடையில் சின்னதிலிருந்து பெரியது வரை பானைகளை வரிசையாக வைத்து, வந்த ஸ்பீக்கரை ஒவ்வொன்றின் வாயிலும் கவிழ்த்துக் கேட்பேன். எந்தப் பானையில் அடி நெஞ்சில் வந்து இடிக்கிறதோ அதில் படி படியாகத் தண்ணீர் ஊற்றி அளப்பேன். அதே அளவு கொள்ளுகிற மாதிரி, வண்டியில் இருக்கிற இண்டு இடுக்குக்குத் தகுந்த வடிவத்தில் மரப்பெட்டி செய்வேன். மரத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது என்பதால் பெட்டியைக் கேழ்வரகு கொட்டி அளந்து சரிபார்ப்பேன். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

மச்சானுடைய ஜீப் மாதிரி ஒரு கோணல் வடிவத்தை அதற்கு முன் யாரும் என்னிடம் கொண்டுவந்ததில்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில் டீசல் டேங்க். பக்கத்தில் கியர். மிச்சம் இருந்தது சீட்டின் முதுகுக்கும் பின்பக்க பெஞ்சுக்கும் நடுவில் ஒரு சந்து. சீட் சாய்ந்திருப்பதால் அந்தச் சந்து மேலே ஒடுங்கி, கீழே அகன்றிருந்தது. அட்டையை வெட்டி வெட்டிப் பொருத்திப் பார்த்தேன். எனக்கு இயல்பிலேயே உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாது. அந்த வாரம் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி கடைக்கும் ஜீப்புக்கும் நடுவில் அலைந்தேன். இழைப்புளியைப் பாதியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவேன், டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவேன். ஆடிக் காற்று வேறு. அம்மி பறக்கிறதோ இல்லையோ, என் மரத்தூள் முழுக்க எதிர்த்த துணிக்கடைக்குப் பறந்தது. துணிக்கடைக்காரரோடு தினம் ஒரு சண்டை. தப்பு என்னுடையது என்பதால் நான்தான் அதிகமாகக் கத்தினேன்.

கேழ்வரகு அக்கா வீட்டிலிருந்து எடுத்தது. அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததில் அவர்கள் வீட்டுக் களியில் மரத்தூள் கடிபட, அக்கா பஸ் ஏறி நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். பெட்டியைப் பார்த்ததும் கேழ்வரகை மறந்துபோனாள்.

"ஏலே, உனக்குப் புத்தி இருக்கா? காது போச்சுன்னா தானா வண்டிய விட்டு எறங்கிருவாகன்னு நான் சாமிகிட்டக் கேட்டுக்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா முட்டுக் குடுக்குற."

"நீயே சொல்ல வேண்டியதுதான அவர்கிட்ட?"

"சொன்னா கேக்கணும்ல?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். "மேல வளைவுல பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சா அவுகளுக்குக் கேக்காதுடா" என்றாள். அவள் சொன்னது சரி, அதனால் எனக்குக் கோபம் வந்தது. "இத்தனை வருஷம் ஓட்டலையா? கண்ணு இருக்குல்ல?" என்று எரிந்து விழுந்தேன். அவள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள். மணி மூன்றுதான் ஆகியிருந்தது.

நான் பெட்டியை விடவில்லை. ஸ்பீக்கர், உத்தமபாளையத்தில் வளைகுடா போய் வந்த ஒருவரிடம் வாங்கியது. நம்மூர் ஸ்பீக்கருக்கு ஓரத்தில் துணி இருக்கும், இதற்கு ரப்பர். ஸ்பீக்கரின் முகம் பின்னால் பெண்கள் உட்காரும் பக்கம் பார்க்கும், பெட்டியின் முதுகு மச்சானின் முதுகோடு ஒட்டியிருக்கும். மற்ற பக்கமெல்லாம் கனத்த பலாப் பலகை. மச்சான் பக்கம் மட்டும் மெல்லிய பிளைவுட் வைத்தேன், அது தோல் மாதிரி அதிரட்டும் என்று. உள்ளே போடி இலவம்பஞ்சு.

பிறகு அடைப்பு வேலை. காற்று ஒழுகினால் அடியும் ஒழுகிவிடும் என்பது என் வேதம். மற்றவர்கள் செய்கிற பெட்டிகளின் இடுக்கில் விரலே நுழையும், அவர்களைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. மூட்டுகளில் மரத்தூளையும் வஜ்ஜிரப் பசையையும் குழைத்து அப்பினேன். ஸ்பீக்கரைச் சுற்றி சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி வைத்தேன். ஒயர் நுழையும் ஓட்டை வழியாக சைக்கிள் பம்பால் காற்றடித்து, பஞ்சர் கடைக்காரன் மாதிரி மூட்டெல்லாம் சோப்பு நுரை தடவி, எங்கே கொப்புளம் வருகிறது என்று பார்த்துப் பார்த்து அடைத்தேன். கடைசியில் ஒரு கொப்புளமும் வரவில்லை. அந்த ஓட்டையையும் பார்சலுக்கு முத்திரை வைக்கிற அரக்கை உருக்கி ஊற்றி மூடினேன். உள்ளே எறும்பு மூச்சு விட்டாலும் வெளியே வராது என்று துணிக்கடைக்காரரிடமே போய்ப் பீற்றிக்கொண்டேன்.

பெட்டியை மாட்டிக்கொண்டு பெரியகுளம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஊர்க் கோயில் திருவிழாவில் நானே பதிவு செய்த உறுமி மேளத்தை டேப்பில் போட்டேன். மச்சான் கொஞ்ச தூரம் போனதும் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பிறகு அவர் தலை ஆடத் தொடங்கியது. வெகு காலமாக அவர் தலையாட்டலுக்கும் கேட்கிற விஷயத்துக்கும் சம்பந்தமே இருந்ததில்லை. அன்றைக்குத் தாளத்தோடு சேர்ந்து ஆடியது. "மாப்ள, உறுமி தேம்புதுய்யா" என்றார். அந்த நிமிஷம் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன், இதில் எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் காலை முதல் டிரிப்புக்கு நானும் போடியில் போய் ஏறிக்கொண்டேன். பெட்டி மலையில் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் என்னால் கடையில் இருந்திருக்க முடியாது. தூக்குவாளியும் சாக்குமாகப் பெண்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். முன் சீட்டில் மச்சானுக்குப் பக்கத்தில், அவர்களை வேலைக்குக் கூட்டிப் போகிற, நரைத்த தலை அம்மா ஒருத்தி. எல்லாரும் அவளை ஆத்தா என்றே கூப்பிட்டார்கள். வண்டி கிளம்பியதும் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். மச்சானுக்குப் பின்னால் பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்த நான் எட்டி டேப்பைப் போட்டேன். கொஞ்ச நேரம் அதற்கு மேல் கத்திப் பேசிப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்கள். ஆத்தா இரண்டு மூன்று தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். உறுமி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முந்தல் செக்போஸ்ட் தாண்டி மலை ஏறத் தொடங்கியது. அந்தப் பாதையில் மேலிருந்து இறங்குகிற வண்டி ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடிக்கும். கேட்டதும் ஏறுகிற வண்டி ஒதுங்கும், அல்லது திருப்பி அடிக்கும். மச்சான் ஒரு கையால் ஸ்டீயரிங்கை வளைத்துக்கொண்டு முதுகில் அடி வாங்கிக்கொண்டிருந்தார். பாதி மலை ஏறியிருப்போம். அடி மெலிந்தது. நான் சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் மெலிந்தது. பிறகு கரகரவென்று தகரத்தைச் சுரண்டுகிற சத்தம். அதுவும் அடங்கிவிட்டது.

ஒயரைப் பிடித்து இழுத்தேன், செட்டைத் தட்டினேன், வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையையெல்லாம் சொன்னேன். முன்னால் மச்சானின் தலை ஆடுவது நின்றிருந்தது. முதுகைச் சீட்டில் ஒருமுறை அழுத்தினார். இன்னொரு முறை அழுத்தினார். பிறகு, வளைவு வந்துகொண்டிருக்கும்போதே, முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த மாதிரி ஒரு பயத்தை நான் அவர் முகத்தில் பார்த்ததே இல்லை.

ஆத்தா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். பின்னாலிருந்து இரண்டு பெண்கள் எழுந்து அவர் முதுகில் அறைந்தார்கள். அவர் சட்டென்று திரும்பி, பிரேக்கை மிதித்து, வண்டியை மலைச்சரிவோடு ஒட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். வளைவிலிருந்து பஸ் ஹாரன் அடித்தபடியே இறங்கி, எங்களை உரசாத குறையாகப் போயிற்று. பஸ் டிரைவர் என்னவோ திட்டிக்கொண்டே போனார்.

மச்சான் இறங்கி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்திப் பொத்தி எடுத்தார். "போச்சு மாப்ள. மொத்தமாப் போச்சு. மேளமும் இல்ல, எஞ்சினும் இல்ல. ஒண்ணுமே இல்லய்யா" என்று அழுதார்.

என் காதும் அடைத்துத்தான் இருந்தது. மலை ஏறினால் எல்லாருக்கும் அடைப்பதுதான். பதற்றத்தில் எச்சிலை விழுங்கினேன், டப்பென்று திறந்தது. அப்போதுதான் ஸ்பீக்கரைச் சரியாகப் பார்த்தேன். அதன் முகம் எண்ணெயில் போட்ட பூரி மாதிரி வெளியே உப்பி நின்றது. மறுபக்கத்துப் பிளைவுட்டும் சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இருந்தது கீழே தேனியில் நான் அடைத்த காற்று. மேலே வர வர வெளிக்காற்று மெலிய, அது வெளியே வர வழி தெரியாமல் முட்டிக்கொண்டிருக்கிறது. காதாவது எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும். பெட்டிக்கு நான் தொண்டை வைக்கவில்லை. சமவெளியில் ஓட்டிப் பார்த்துவிட்டு மலைக்கு அனுப்பிய முட்டாள் நான். விரல் நுழைகிற பெட்டிக்காரர்களின் பெட்டியெல்லாம் இதே மலையில் ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்தன.

மச்சானுக்குத் தண்ணீர் கொடுத்து, விழுங்கு விழுங்கு என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். மடக் மடக்கென்று குடித்தார். கொஞ்சம் நிதானித்து, "எஞ்சின் கேக்குது" என்றார். அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது. நான் ஒரு பெண்ணிடம் தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கை வாங்கி, தீக்குச்சியில் காய்ச்சி, ஒயர் ஓட்டையில் இருந்த அரக்கில் குத்தினேன். உஸ்ஸென்று காற்று வந்தது. உப்பிய முகம் மெல்ல உள்ளே அமர்ந்தது. உறுமி தேம்பிக்கொண்டு திரும்பி வந்தது. நான் ரோட்டில் குதித்தேன். யாராவது கைதட்டுவார்கள் என்றுகூட நினைத்தேன்.

"தம்பி, அத அமத்து" என்றாள் ஆத்தா.

"ஏன் ஆத்தா? இப்பத்தான நல்லா கேக்குது?"

"நல்லா கேக்குது. அதான் அமத்துங்கிறேன். அது ஊமையாப் போனதுனாலதான் பஸ்ஸு ஆரன் எங்க காதுல விழுந்துச்சு. நாங்க கேட்டு, தோளத் தொட்டுத்தான இத்தன நாளும் இந்த வண்டி மேல ஏறுது? எங்க காதையும் நீ அடைச்சுப்புட்டா, அவுகளுக்கு வேற எந்தக் காது இருக்கு?"

பெண்கள் பயந்துபோய்த் தோளைப் பிடிக்கிறார்கள் என்று மச்சான் வீட்டில் சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்தது. யாருக்கும் தெரியாமல் நாங்கள் பொத்தி வைத்த விஷயத்தை, இவர்கள் எங்களுக்குத் தெரியாமல் தினமும் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் போய் அதற்குக் குறுக்கே ஒரு மேளத்தைக் கட்டி வைத்திருக்கிறேன்.

மச்சான் அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிதான் பிடிபட்டிருக்க வேண்டும். "என்ன சொல்றாக மாப்ள?" என்று என்னைக் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நல்லாருக்குன்னு சொல்றாக என்று நாக்கு நுனிவரை வந்தது. தலையை ஆட்டியிருப்பார், வண்டி கிளம்பியிருக்கும். நான் செட்டை அணைத்துவிட்டு அவர் காதில் வாயை வைத்து, ஆத்தா சொன்னதை வரி விடாமல் கத்தினேன். அந்த விஷயத்தை மெதுவாகச் சொல்ல வழியே இல்லை. பெண்கள் குனிந்து தங்கள் தூக்குவாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

நானாக இருந்தால் பெட்டியை எட்டி உதைத்துப் பள்ளத்தில் தள்ளியிருப்பேன். மச்சான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "எம்புட்டு நாளா ஆத்தா?" என்று கேட்டார். அவள் வாயால் சொல்லாமல், கையைப் பின்னால், இன்னும் பின்னால் என்று வீசிக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். பிறகு ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.

அந்தப் பெண்கள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை என்பார்கள். அங்கிருந்து போடிமெட்டு வரைக்கும் ஒருத்தியும் பேசவில்லை. வாளிகள் உரசாமல் இருக்க மடியில் இடுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். எல்லா முகமும் அடுத்த வளைவைப் பார்த்தே இருந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். மேலே எங்கோ ஒரு ஹாரன் லேசாகக் கேட்கும், உடனே ஒரு கை அவர் தோளில் விழும், அவர் ஒதுங்குவார். கை விழாத வளைவில் பயமில்லாமல் ஏறுவார். இதுவரை பயந்தவர்களின் கை என்று நினைத்திருந்தவர், அன்றைக்கு ஒவ்வொரு கைக்கும் சின்னதாகத் தலையசைத்துக்கொண்டே ஓட்டினார்.

மாலையில் அதே மாதிரி அவர்களை இறக்கிக்கொண்டு வந்து விட்டார். பிறகு வண்டியை நேராக முதலாளி வீட்டு வாசலில் நிறுத்தினார். பெட்டியைக் கழற்றிக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை. முதலாளி வெளியே வந்து, சாவியை ஏன் நீட்டுகிறார் என்று புரியாமல், "என்னப்பா, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்.

"எனக்குக் காது கேக்கல முதலாளி" என்றார் மச்சான். அதுவரை வீட்டில்கூட ஒருமுறையும் அவர் சொல்லியிராத வார்த்தை. தெருவே திரும்பிப் பார்த்தது. தான் கத்துகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.